அம்சவேணியின் இடது கழுத்து

மேட்டுப்பாளையத்தில் ஒரு ஜவுளிக்கடையில் மைக்கில் அறிவிப்புச் சொல்லும் அம்சவேணியின் தலைக்கு இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள் ஏறின. வலது பக்கத்துக் குழாய், எல்லாருக்கும் போல, அவளுடைய இதயத்திலிருந்து கிளம்பியது. இடது பக்கத்துக் குழாய் நஞ்சப்பன் என்பவருடைய இதயத்திலிருந்து கிளம்பியது. நஞ்சப்பன் கோத்தகிரி மலைக்குப் பேருந்து ஓட்டுகிறவர். இருவருக்கும் உறவு கிடையாது. அம்சவேணி நாற்பதைத் தாண்டும்வரை இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை.

காது அடைப்பதைத்தான் அவள் முதலில் கவனித்தாள். காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருக்கும்போது இடது காது மெல்ல அடைக்கத் தொடங்கும். காபி குடித்து முடிப்பதற்குள் முழுதாக அடைத்துவிடும். எச்சிலை விழுங்கினால் திறக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி அடைக்கும். அவள் கடைக்குக் கிளம்புகிற சமயத்தில் தானாகவே பொட்டென்று திறந்துகொள்ளும். மலைக்குப் போய்வருகிறவர்களுக்கு இப்படி ஆவதுண்டு. அம்சவேணி மலைக்குப் போனதே இல்லை. அடிவாரத்தில் குடியிருந்தால் காதும் அதற்குத் தகுந்தாற்போல இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் வேறு விதமாக இருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் பொருள்களின் பெயர்கள் அவளைவிட்டுப் போய்விடும். பொருள் தெரியும், அதன் உபயோகம் தெரியும், பெயர் மட்டும் வராது. கடையில் வாடிக்கையாளர்கள் தவறவிட்ட சாமான்களைப் பற்றி மைக்கில் சொல்வது அவள் வேலை. "தரைத்தளத்தில், இடுப்பில் கட்டுகிற ஒன்று கிடைத்திருக்கிறது, உரியவர்கள் வந்து பெற்றுக்கொள்ளவும்" என்று சொல்வாள். பெல்ட்டைத் தொலைத்தவரும் குழந்தையின் அரைஞாணைத் தொலைத்தவரும் வேட்டி வாங்கிய பையைத் தவறவிட்டவரும் வந்து நிற்பார்கள். வந்தவர்கள் அப்படியே எதையாவது எடுத்துப் பார்ப்பார்கள், வாங்குவார்கள். முதலாளிக்கு அதில் வருத்தம் இல்லை. முக்கியமான அறிவிப்புகளை அவரே மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தார்.

ஒரு சாயங்காலம், பண்டிகைக் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது, அவளுடைய இடது கன்னம் சூடாகி, இடது கண் விரிந்துகொண்டது. அவள் மைக்கை எடுத்து, "எல்லாரும் இருந்த இடத்திலேயே அசையாமல் நில்லுங்கள். விளக்கை அணையுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள்" என்று சொன்னாள். கடையே விளக்கை அணைத்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குச் சூடு தணிந்தது. "போய்விட்டது, கிளம்பலாம்" என்றாள். மக்கள் விட்ட இடத்திலிருந்து சேலைகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்தச் சாயங்காலம் மலைப்பாதையில் குஞ்சப்பனை என்ற ஊருக்குப் பக்கத்தில் யானை ஒன்று குட்டியோடு சாலையைக் கடந்ததை நஞ்சப்பன் சொல்லித்தான் பிற்பாடு தெரிந்துகொண்டாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகாமல் போனதும் இதனால்தான். பெண் பார்க்க வந்தவர்கள் ஒரு நல்ல மத்தியானத்தில் வந்தார்கள். மாப்பிள்ளை தனியாகப் பேச வேண்டுமென்று கேட்டு, இருவரும் கிணற்றடிக்குப் போனார்கள். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது. கூப்பிட வாயெடுத்தபோது அவன் பெயர் வரவில்லை. வேறு ஏதாவது பெயர் சொல்லிச் சமாளிக்கலாம் என்றால் உலகத்தில் ஒரு பெயரும் வரவில்லை. அவன் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் யாரையும் காலையில் வரச் சொல்லவும் இல்லை.

காது அடைப்புக்காகக் காட்டப்போன இடத்தில் கழுத்தை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கோயமுத்தூரில் டாக்டர் செலின் என்ற அம்மா படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். இடது குழாய் தலையிலிருந்து ஒழுங்காக இறங்கி, கழுத்தெலும்புக்குக் கீழே போய், அங்கே நின்றுவிட்டது. அதன் பிறகு அது வேறொரு ஆளுடைய உடம்பில் தொடர்கிறது என்று டாக்டர் சொன்னார். இப்படி இருப்பது அபூர்வம், ஆனால் இல்லாததில்லை. ஊட்டியில் ஒருவருக்கு ஒரு பந்தயக் குதிரையிலிருந்து வருகிறது, பந்தயம் இருக்கும் நாள்களில் அவர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை. அம்சவேணிக்கு மனிதரிலிருந்துதான் வருகிறது, துடிப்பைப் பார்த்தாலே தெரிகிறது. யாரென்று கண்டுபிடித்து ஒருமுறை பார்த்துவிட்டு வருவது நல்லது என்றார்.

கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. காது எப்போது அடைக்கிறது, எப்போது திறக்கிறது என்பதைப் பேருந்து நிலையத்தில் சொன்னாள். அது கோத்தகிரி முதல் வண்டி என்று உடனே சொல்லிவிட்டார்கள். அந்த வண்டியை ஓட்டுகிறவர்கள் டீக்கடையில் நின்றிருந்தார்கள். வளையல்காரரிடம் நீட்டுவதுபோல ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள். அவள் இடது கையைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டு, வலது கையால் அவர்களுடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கொஞ்சம் தொப்பையும் நரைத்த மீசையுமாக இருந்த ஒருவரைத் தொட்டபோது இரண்டு துடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தன.

"நீங்கதானுங்களா" என்றார் நஞ்சப்பன். "என்ற நெஞ்சுல இருந்து ஒரு கிளை வெளிய போகுதுன்னு எப்பவோ சொன்னாங்க அம்மிணி. யாருக்குன்னு தெரியல. போறது போகட்டும்னு விட்டுட்டேன்."

அவள் நன்றி சொன்னாள். அவர் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். அதன் பிறகு அவர் தினமும் மத்தியானம் தூங்கப் போவதற்கு முன் அவளுக்கு போன் செய்து சொல்லிவிடுவார். அவளும் பெயர் தேவைப்படும் அறிவிப்புகளை அதற்குள் சொல்லி முடித்துவிடுவாள். முதலாளிக்குத்தான் இந்த ஏற்பாடு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

ரத்தம் போவதற்குத்தான் குழாய் இருந்தது, திரும்பி வருவதற்கு இல்லை. நஞ்சப்பனுடைய ரத்தம் அம்சவேணியின் தலைக்கு ஏறி, அவளுடைய ரத்தநாளங்கள் வழியாக இறங்கி, அவளுடைய இதயத்துக்கே போய்ச் சேர்ந்தது. அவளுக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அடிக்கடி மூக்கிலிருந்து வரும். பெரியவளான பிறகு எந்த ஊரில் ரத்ததான முகாம் போட்டாலும் முதலில் போய்ப் படுத்துக்கொள்வாள். முகாமில் கொடுத்த எவர்சில்வர் டப்பாக்கள் அவள் வீட்டு அலமாரியில் இடம் போதாமல் அடுக்கிக் கிடந்தன. நஞ்சப்பனுக்கோ எப்போதும் குறைவு. சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் ஈடுகட்டினார். ரத்தம் ஊற வேண்டும் என்று அவருடைய மனைவி துளசிமணி கல்யாணமான நாளிலிருந்து ஆட்டு ஈரலும் சுவரொட்டி என்கிற மண்ணீரலும் முருங்கைக்கீரையும் மாற்றி மாற்றி ஆக்கிப் போட்டாள். அம்சவேணியின் வீட்டில் யாரும் கறி தொடமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய நாக்கின் இடது பாதியில் மட்டும் மிளகுபோட்ட சுவரொட்டி வாசனை இருக்கும். அது தன் வாயின் வாசனை என்றே அவள் நினைத்திருந்தாள்.

மழை தொடங்கின மாதத்தில் ஒரு நாள், மேலே ஏறிக்கொண்டிருந்த பேருந்தை நஞ்சப்பன் ஒரு வளைவில் ஓரமாக நிறுத்திவிட்டார். மூச்சு வாங்கியது. பயணிகள் இறங்கி, கல்லில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்ததைச் சாப்பிட்டார்கள். அதே நேரத்தில் கடையில், இரண்டாவது மாடியில் குழந்தை ஒன்று அழுதுகொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்த அம்சவேணி ஒரு வார்த்தையின் நடுவில் நின்றுபோனாள். வார்த்தையின் மிச்சம் வருமென்று கடையில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. மலையில் வண்டி கிளம்பிய பிறகுதான் மிச்சம் வந்தது.

டாக்டர் செலின் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார். இந்த இதயம் களைத்துவிட்டது. ஒரு மலையையும் ஒன்றரைத் தலையையும் அது இனிமேல் தாங்காது. அம்சவேணிக்குப் போகும் கிளையை மூடிவிட்டால் நஞ்சப்பன் பிழைத்துக்கொள்வார். பலருக்குத் தலைக்குள்ளே வலதுக்கும் இடதுக்கும் நடுவில் சிறிய பாலம்போல ஒரு குழாய் இருக்கும், ஒரு பக்கம் நின்றாலும் மறுபக்கம் கொடுக்கும். அம்சவேணிக்கு அந்தப் பாலமும் கிடையாது. ஆகவே மூடினால் இடது பக்கம் காய்ந்துவிடும். அவளுக்கு வலது பக்கம் மிஞ்சும். முகங்கள் தெரியும், வழி தெரியும், பாட்டு வரும். பேச்சும் பெயர்களும் போய்விடும்.

நஞ்சப்பன் மூட வேண்டாம் என்றார். கொடுத்துக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்துவது அவருக்குச் சரியாகப் படவில்லை. பார்த்துக்கொள்ளலாம், வண்டியை மெதுவாக ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

அம்சவேணி பேருந்தில் திரும்பும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்தாள். கழுத்தில் கை வைத்தால் அவருடைய களைப்பு விரலில் தெரிந்தது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில், மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்குகிறவனைப்போல ஒரு தாமதம். வீட்டுக்கு வந்ததும் அவள் விளக்கு, குடம், அரிவாள்மனை, சீப்பு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். எல்லாம் வாயில் வந்தது. எதை விட்டுவிட்டு இருக்க முடியும் என்று யோசித்தாள். அரிவாள்மனை என்ற வார்த்தை இல்லாமலும் காய் நறுக்கலாம். ஆனால் பெயர் வராத மத்தியானம் ஒன்று இனிமேல் சாயங்காலம் ஆகாமலே போய்க்கொண்டிருக்கும் என்பதை நினைத்தபோது சீப்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அழுதுவிட்டு முகம் கழுவினாள். பிறகு டாக்டருக்கு போன் செய்து, நஞ்சப்பனிடம் சொல்ல வேண்டாம், மூடிவிடுங்கள் என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் துளசிமணி வந்தாள்.

அம்சவேணி அவளை அதற்குமுன் பார்த்ததில்லை. உயரமாக, வலுவான கைகளோடு, கட்டம்போட்ட சேலையில் வாசலில் நின்றாள். நஞ்சப்பன் வீட்டிலிருந்து வருவதாகச் சொன்னாள். தண்ணீர் கொடுத்ததை வாங்கிக் குடித்தாள், உட்காரவில்லை. அம்சவேணியை நேராகப் பார்க்காமல், அவளுடைய தலையையே சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கொண்டையை அவிழ்க்கச் சொன்னாள். அம்சவேணி அவிழ்த்தாள். வகிட்டுக்கு வலது பக்கம் பாதிக்குமேல் நரைத்திருந்தது. இடது பக்கம் கன்னங்கரேலென்று அடர்த்தியாக, இடுப்பைத் தாண்டித் தொங்கியது. துளசிமணி அந்தப் பக்கத்தை மட்டும் கையில் எடுத்து, கனம் பார்ப்பதுபோலத் தூக்கிப் பார்த்தாள்.

"அவருக்கு மண்டைல நாலு முடி நிக்க மாட்டேங்குது" என்றாள். "நான் ஆக்கிப் போட்டதெல்லாம் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாமலே இருந்துச்சு. எத்தனை வருசம். பாக்கணும்னு தோணுச்சு, அதான் வந்தேன்."

 நல்லா இருந்துச்சுங்கக்கா என்றாள் அம்சவேணி.

துளசிமணி அவளுடைய கழுத்தின் இடது பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். அது அவளுக்குத் தெரிந்த துடிப்புதான். பக்கத்தில் படுத்துக் கேட்டுப் பழகினது. கோபித்துக்கொண்டு முதுகைக் காட்டிப் படுத்த நாள்களில்கூட முதுகு வழியாகக் கேட்டது. அது இப்படி ஒரு அந்நிய வீட்டில், கறி சமைக்காத கூடத்தில், யாரோ ஒருத்தியின் கழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் கோபம் வந்து, போய், மறுபடி வந்தது. அம்சவேணி அசையாமல் நின்றாள்.

"என்ன பண்ணுனீங்க இதை வச்சு?" என்று துளசிமணி கேட்டாள்.

"பேசிட்டு இருந்தேனுங்க."

"யாருகிட்ட?"

"கடைக்கு வர்றவங்ககிட்ட. என்ன தொலைஞ்சுது, எங்க கிடைச்சுதுன்னு சொல்லுவேன். வேற பெருசா ஒண்ணும் பண்ணலைங்கக்கா."

துளசிமணி கையை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அம்சவேணி, தான் மூடச் சொல்லிவிட்டதைச் சொன்னாள். அவருக்கு இனி ஒன்றும் ஆகாது, வருகிற வாரமே தன்னை வரச் சொல்லியிருக்கிறார்கள், அவருக்கு மட்டும் முன்கூட்டித் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். துளசிமணி கேட்டுக்கொண்டிருந்தாள். மூடச் சொல்லிக் கேட்கத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தாள். பேருந்தில் வரும்போது இதை எப்படிக் கேட்பது என்று வார்த்தைகளைக்கூடச் சேர்த்துவைத்திருந்தாள். இப்போது கேட்காமலே கிடைத்துவிட்டது. எழுந்து போயிருக்கலாம். அவள் போகவில்லை. அவிழ்ந்து கிடந்த கூந்தலின் கறுத்த பாதியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கல்யாணமான நாள்ல இருந்து சுவரொட்டி ஆக்கிப் போட்டு வளத்த தலை இது" என்றாள். "இதைக் காயப் போட எனக்கு மனசு வர்ல. அவருது வேண்டாம். என்ற நெஞ்சுல இருந்து எடுத்துக்கங்க."

அம்சவேணி வேண்டாம் என்றாள். துளசிமணி அவள் சொன்னதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கேட்டு எடுத்துவந்து, அந்தப் பாதித் தலைக்குத் தேய்த்துவிட்டு, பின்னிவிட்டுப் போனாள். வலது பக்கத்தை அம்சவேணியே பின்னிக்கொண்டாள்.

டாக்டர் செலின் துளசிமணியை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். நல்ல இதயம், இடமும் இருக்கிறது என்றார். மேலும், அதில் முன்பு எங்கோ போய்க்கொண்டிருந்து, இப்போது உபயோகத்தில் இல்லாத ஒரு கிளையின் அடிக்கட்டை இருந்தது. பிள்ளை பெற்றவர்களில் சிலருக்கு இப்படி மிச்சம் இருக்கும், அதிலேயே இணைத்துவிடலாம் என்றார். துளசிமணியின் மகள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து தானாகச் சமைத்துச் சாப்பிடத் தொடங்கிய பிறகு அது சுருங்கியிருக்க வேண்டும்.  துளசிமணி மகளுக்கு போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

மூடுவதைப்போல இதை நஞ்சப்பனுக்குச் சொல்லாமல் செய்ய முடியாது, மாற்றி இணைக்க அவரும் படுக்க வேண்டும். சொன்னபோது அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டார். உங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான் என்று அவள் பதில் சொன்னாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். அம்சவேணி நடுவில். அவளுக்கு மயக்கமருந்து கொடுக்கவில்லை, கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். முதலில் நஞ்சப்பனுடைய குழாயை எடுத்தார்கள். அதை எடுத்ததற்கும் துளசிமணியுடையதை இணைப்பதற்கும் நடுவில் சிறிது இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் அம்சவேணியிடம் ஒரு வார்த்தையும் இல்லை. மேலே வட்டமாக, வெளிச்சமாக ஒன்று தொங்கியது. அது என்னவென்று தெரியாததால் அதை நன்றாகப் பார்க்க முடிந்தது. ஒரு பக்கம் திரும்பினால் மீசையோடு ஒரு முகம். மறுபக்கம் இன்னொரு முகம். அந்த முகங்கள் யாருடையவை என்று சொல்ல முடியவில்லை, ஆனால் அவை தன் பக்கம் இருக்கின்றன என்பது தெரிந்தது. அவளுக்குப் பயமாக இல்லை. எங்கிருந்தோ ஒரு மெட்டு வந்தது, அதை முணுமுணுத்தாள். அப்படியே இருந்துவிட்டாலும் பரவாயில்லை என்பதுபோல ஒன்று, வார்த்தையாக ஆகாமல், நெஞ்சில் வந்து நின்றது.

பிறகு கழுத்தில் வெதுவெதுப்பாக ஏறியது. முதலில் வந்த வார்த்தை உப்பு. அடுத்தது பெருக்குமாறு. அதன் பிறகு எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன. வட்டமாகத் தொங்கியது விளக்கு என்றும், அதை யாரும் துடைப்பதில்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது.

துளசிமணி மத்தியானத்தில் தூங்குகிற பழக்கம் இல்லாதவள். ஆகவே அம்சவேணிக்கு எல்லா நேரமும் பெயர்கள் இருந்தன. "பித்தளைக் கொக்கி வைத்த பழுப்பு நிற பெல்ட்" என்று சொல்வாள், தொலைத்தவர் ஒருவர் மட்டும் வந்து வாங்கிக்கொண்டு போவார். முதலாளி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவளைப் பட்டுப் பிரிவுக்கு மாற்றினார். அங்கே அவள் சேலைகளை மடிக்கும் விதம் எல்லாருக்கும் பிடித்துப்போனது. அப்படி மடிக்க அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. சில சாயங்காலங்களில், காரணமே இல்லாமல் இடது காது சிவந்து சுடும். நஞ்சப்பன் வீட்டுக்குள் செருப்போடு வந்திருக்கிறார் என்று புரிந்துகொள்வாள்.

இப்போது ரத்தம் குறைவது துளசிமணிக்கு. அதனால் சமையல் நஞ்சப்பன் கைக்குப் போனது. மலைப்பாதையில் நிதானமாக இருந்தவர் அடுப்படியில் தடுமாறினார். ஞாயிற்றுக்கிழமை அவர் சுவரொட்டியை வதக்கிக் கொடுத்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அம்சவேணியின் இடது நாக்கில் விஷயம் தெரிந்துவிடும். போன் செய்து, உப்பு போதலைங்கண்ணா, மிளகை இன்னும் கொஞ்சம் இடிச்சுப் போடுங்க என்பாள். துளசிமணி அதையே பக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருப்பாள். அவர் இரண்டு குரலையும் கேட்டுக்கொண்டு மிளகை இடிப்பார்.

அம்சவேணி முகாம்களுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கூடுதலானதைத் திருப்பிக் கொடுக்க, துளசிமணியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பக்கத்தில் படுத்துக்கொள்வாள். ஒருத்தி கையிலிருந்து இறங்கி மற்றவள் கைக்கு ஏறும். அந்த நேரத்தில் இருவரும் பெரிதாக எதுவும் பேசமாட்டார்கள். ஒரே சமயத்தில் கொட்டாவி விடுவார்கள். ஒருமுறை துளசிமணி, அன்னைக்கு உங்க வீட்டுக்கு உங்களைத் திட்டிட்டுப் போகவுந்தான் வந்தேன் என்று சொன்னாள். தெரியுங்கக்கா, இப்ப அது எனக்கும் ஞாபகம் இருக்குது என்றாள் அம்சவேணி.

அவளுக்குக் குறையாக இருந்தது காது மட்டும்தான். காலையில் அது அடைப்பதில்லை. தெருவின் சத்தம் இரண்டு பக்கமும் ஒரே அளவாகக் கேட்டது. வாசல் தெளிக்கும்போது மலையைப் பார்ப்பாள். அது கொஞ்சம் தள்ளிப் போய்விட்டதுபோல இருக்கும். ஓய்வு முடிந்து நஞ்சப்பன் மறுபடி வண்டி எடுத்த சில நாள்களில், கடைக்கு லீவு சொல்லிவிட்டு, முதல் வண்டியில் ஏறி அவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தாள். பாக்குமரங்கள் கீழே போயின. பனி வந்தது. ஒவ்வொரு வளைவும் எங்கே வரும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது, வளைவுகளுக்கு இப்படிப் பச்சை இருக்கும் என்பது மட்டும் தெரியவில்லை. பாதி தூரத்தில் இரண்டு காதும் ஒன்றாக அடைத்தன. அவள் எச்சிலை விழுங்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, கோத்தகிரி வரை போய், அதே வண்டியில் திரும்பி வந்தாள்.

நஞ்சப்பனுடைய நெஞ்சில் விட்டுப்போன கிளையின் முனையை டாக்டர் மடித்துத்தான் வைத்திருந்தார். மறுபரிசோதனைக்குப் போனபோது அது பிரிந்து, எங்கோ போய்ச் சேர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. அதிகமாக இழுக்கவில்லை, பயப்பட ஒன்றுமில்லை, உடம்பு இல்லாத ஏதோ ஒரு தலை என்று டாக்டர் சொன்னார். நஞ்சப்பனுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பேருந்து நிலையத்துக்கு இடம் கொடுத்த மிராசுதாருக்கு நிலைய வாசலிலேயே ஒரு சிலை உண்டு. மார்புக்கு மேலே மட்டும் செய்தது. நெஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் பீடம் தொடங்கிவிடும்.

இப்போது நகராட்சியிலிருந்து புதன்கிழமைதோறும் ஒருவர் ஏணியோடு வந்து சிலைக்குச் சவரம் செய்கிறார். இடது கன்னத்துக்கு மட்டும், அங்கேதான் தாடி முளைக்கிறது. போன புதன்கிழமை அம்சவேணியும் துளசிமணியும் அங்கே பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். நஞ்சப்பன் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். சவரக்காரர் சோப்பு நுரையைத் துடைத்துவிட்டு, கிருதாவை எதுவரைக்கும் வைக்கட்டும் என்று மேலேயிருந்து கேட்டார். நஞ்சப்பன் தன் காதுமடலைத் தொட்டுக் காட்டினார். வெயில் காலம், இன்னும் கொஞ்சம் ஏத்தியே எடுத்துவிடுங்க என்று பெண்கள் இருவரும் சொன்னார்கள். சவரக்காரர் கத்தியை வைத்துவிட்டு, சிலையின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.